பயப்படக் கூடாத கூண்டு

கச்சிராயபாளையம்,
செவ்வாய், மத்தியானம்.

அன்புத் தம்பி ராசுவுக்கு, அக்கா சந்தியா எழுதுவது. இங்கே உன் மாமா, என் மாமியார், குழந்தை அபிநயா, நீ விட்டுப்போன வெள்ளை எலிகள், நான், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். சிதம்பரத்தில் வேளைக்குச் சாப்பிடு.

பதில் தாமதமானதற்கு மறியலைக் காரணம் சொல்லலாம். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, உன் மாமாவின் கரும்பு வண்டியிலேயே காய்ந்தது. ஆனால் மரங்களை அகற்றி நாளாகிவிட்டது. உன் எலிகளைப் பற்றி எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேன், நானும் விலங்கியல் படித்தவள்தான். பயந்தால் சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். ஆபத்து போனதும் மூளை “போதும்” என்று நிறுத்தும். தினம் தினம் பயந்தால் போதும் என்று சொல்கிற அந்த இடமே கெட்டுப்போய், பயம் நிற்காது. இதைக் காட்டத்தான் உனக்கு இரண்டு கூண்டு. பச்சைத் துணி மூடிய கூண்டிலுள்ளவற்றைத் தினம் ஒரு மணி நேரம் குறுகிய குழாய்க்குள் அடைத்துப் பயமுறுத்த வேண்டும், வெள்ளைத் துணிக் கூண்டு பயப்படவே கூடாது. விடுதியை மூடிவிட்டார்கள் என்று இரண்டையும் இங்கே இறக்கிவிட்டு, பேராசிரியரைப் பார்த்துவிட்டு மறுநாளே வருவதாகப் போனாய். மறுநாள் மரம் விழுந்தது.

முதலில் பச்சைக் கூண்டு. நான் குழாயில் அடைப்பதை மாமியார் பார்த்துவிட்டார். “இன்னாம்மா இது, வாயில்லாத சீவன இப்டி அடைச்சிக்கினு? பயந்துக்கினு நடுங்குது பாரு” என்றார். நான் அட்ரினலைச் சொன்னேன். “அதெல்லாம் இருக்கட்டும், இது பயந்த கோளாறு” என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் பூசாரி இருசப்பனிடம் வேப்பிலை அடிக்கப் போய்விட்டார். குழந்தைக்கு அடிப்பதுபோல்தான் அடித்தாராம். பேர் சொல்லுங்க என்று பூசாரி கேட்டதற்கு மாமியார், “பேரு இல்ல, நெம்பருதான்” என்று முதுகில் நீ மையால் எழுதியதைக் காட்டினாராம். “மூணாம் நெம்பருக்கு இருக்கிற பயம் தெளியணும் தாயே” என்று வேண்டி, துண்ணூறு போட்டு, “வூட்டுல யார பாத்து பயந்துச்சி?” என்று கேட்டிருக்கிறார் பூசாரி. “என் மருமொவளத்தான்” என்று மாமியார் கூசாமல் சொல்லிவிட்டு வந்து, அதை என்னிடமும் சொன்னார். அன்றிலிருந்து குழாய் போட வேண்டிய நேரத்தில் தினமும் கோயில். திரும்பி வந்தால் மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பார், பொட்டுக்கடலை வேறு. நான் தடுக்கவில்லை. தடுத்தால் எலியோடு நிற்காது.

இனி வெள்ளைக் கூண்டு. நீ சத்தமில்லாத இடம் கேட்டாய். இந்த வீட்டில் சத்தமில்லாத ஒரே இடம் அபிநயா தூங்கும் அறை, அதுவும் அவள் தூங்கினால்தான். அவள் தூங்குவதே இல்லை. யாராவது தும்மினால் தூக்கிவாரிப்போட்டு எழுந்து அழுகிறாள், பால் பாதியில் விட்டுவிடுகிறாள். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு, “கம்மியாயிகினே போவுதே, நல்லா தூங்க விடும்மா” என்றார். தூங்க விடத்தான் கூடவே இருக்கிறேன். ஏணைத் தொட்டிலின் துணியை விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன், நெஞ்சில் கை வைப்பேன், சந்தேகமாக இருந்தால் லேசாக அசைப்பேன். கூண்டு ஏணைக்கடியில் இருந்ததால், குனிந்த வாக்கிலேயே கூண்டுத் துணியையும் தூக்கி அவையும் மூச்சு விடுகின்றனவா என்று பார்த்துவிடுவேன். உன் படிப்பு ஆயிற்றே.

நேற்று நீ எழுதியபடி பரிசோதனை. கல்யாண அண்டாவைத் துடைத்து வைத்து ஒவ்வொன்றாக விட்டேன். பயந்த எலி ஓரத்தை ஒட்டியே ஓடும், பயமில்லாதது நடுவுக்கு வரும், அதுதானே? பச்சைக் கூண்டு மூணாம் நெம்பர் நேராக நடுவுக்குப் போய் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. மற்றவையும் அப்படியே. வெள்ளைக் கூண்டு எலிகள் ஒன்றுகூட ஓரத்தை விடவில்லை. அண்டா முழுக்கப் புழுக்கை. கூண்டு மாறிவிட்டதோ என்று நெம்பரைச் சரிபார்த்தேன். மாறவில்லை.

உன் மாமா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி, உன் எலி இப்டி சுத்துது?”

“இதுங்கள நான் ஒன்னுமே பண்ணலீங்க. பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“பூன இன்னா பண்ணும்? அதுவும் பாத்துக்கினுதான் இருக்கும்.”

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் அண்டாவைப் பார்த்தேன், பிறகு ஏணையைப் பார்த்தேன். அபிநயா அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஆகவே உன் இரண்டு கூண்டும் உனக்கு உதவாது, பேராசிரியரிடம் மறியல் என்றே சொல்லிவிடு. ஆனால் ஒரு முடிவு எனக்குக் கிடைத்திருக்கிறது. இன்று காலை பால் கொடுத்துப் போட்டதிலிருந்து நான் அந்த அறைக்குள் போகவில்லை, கூண்டுத் துணியையும் தொடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து அபிநயா இவ்வளவு நேரம் தூங்கியதில்லை. இனிமேல் இப்படித்தான். அவளாக எழுந்து கூப்பிடும்வரை போகமாட்டேன்.

மாமா விசாரித்ததாக எழுதச் சொன்னார். மாமியார் உன் தேர்வுக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறார், மூணாம் நெம்பரைத் திருப்பித் தருவதாக உத்தேசமில்லை. நீ பட்டம் வாங்கி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
சந்தியா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமாக ஒரு சத்தமும் இல்லையே என்று. போய்ப் பார்த்தேன். மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, லேசாகத்தான் அசைத்தேன். இப்போது அழுகிறாள். குனிந்தது குனிந்தாயிற்று என்று கூண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டேன். எல்லாம் ஓரமாக இருக்கின்றன.