இரண்டாவது கியர்

மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது பிக்கப் 'கர்ர்ர்' என்றது. ஸ்ட்ராட்டிஸ் உடனே பலமாக இருமினார். பட்டறை வாசலில் நின்றிருந்த டூகாஸ் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, சத்தம்?"

"தொண்டைதான். நேத்து குடிச்ச ஊஸோ சாராயம் ஒத்துக்கல."

டூகாஸ் அந்தக் கிரேக்க ஊரின் ஒரே மெக்கானிக். அவர் மகனை ஸ்ட்ராட்டிஸின் மகள் வரும் ஞாயிறு கட்டிக்கொள்ளப் போகிறாள். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை சீர்வரிசை ஊர்வலம். கட்டில், மெத்தை, பூவேலை விரிப்பு எல்லாம் பெண்வீட்டு வண்டியில் ஏறி, மேட்டுத்தெரு மாப்பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும். கட்டில் பாதி வழியில் நின்றால் குடித்தனமும் நின்றுவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

"உங்க வண்டி இருபத்தேழு வயசுக் கிழவி. என்னுதை அனுப்பவா?" என்று டூகாஸ் போன மாதமே கேட்டார். "என் பொண்ணு கட்டில் அடுத்தவன் வண்டியில ஏறாது" என்று ஸ்ட்ராட்டிஸ் காப்பிக்கடை நிறைந்திருந்த நேரம் பார்த்து மீசையை முறுக்கிவிட்டார். இப்போது அந்த மீசையில் மண் ஒட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. நியூட்ரலில் ஒரு முனகல். கிளட்சை மிதித்தால் அடங்கிவிடும். கியர் லிவரில் நடுக்கம். சில சாயங்காலங்களில் கருகிய வாடை. சீட்டுகூட தேய்ந்துபோய் தானாகவே முன்னால் நகர்ந்திருந்தது, முழங்கால் இடித்தது. காலையில் சமர்த்தாக ஓடும் வண்டி, மதியத் தூக்கம் முடிந்து ஊரே எழும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் எப்போதும் அதிலேயே தொங்கும் சாவியைத் திருப்பினால் முரண்டு பிடித்தது.

'மத்தியான வெயிலில் ஆயில் இளகுகிறது' என்று அவரே தீர்ப்புச் சொல்லி, கெட்டியான ஆயிலை ஊற்றினார். மறுநாள் காலையில் லிவரை அசைக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

அதை இறக்கிவிட்டு லேசான ஆயிலை ஊற்றினார். அவசரத்தில் அடி மூடியைச் சரியாக முடுக்கவில்லை. சொட்டியது. கைக்குக் கிடைத்த டப்பாவை அடியில் வைத்தார்.

"அது நான் சீஸ் ஊறப்போடுற டப்பா" என்றாள் மனைவி மிர்சினி. "கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு இதையா வைக்கப் போறீங்க?"

"சத்தம் போடாதடி. டூகாஸ் காதுல விழப்போகுது."

புதன்கிழமை இரண்டாவது கியர் தானாகவே நழுவி வெளியே வர ஆரம்பித்தது. பழைய டியூபைக் கிழித்து லிவரைச் சீட்டோடு இழுத்துக் கட்டினார். பிறகு அது இரண்டைவிட்டு வர மறுத்தது. வண்டி அலற அலற, ஊர் முழுக்க இரண்டிலேயே போனார்.

பட்டறை வாசலில் டூகாஸ் கேட்டார்: "இன்னும் தொண்டை சரியாகலையா சம்பந்தி?"

அன்று ராத்திரி ஸ்ட்ராட்டிஸுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். குட்டையான, தாடி வைத்த பாதிரியார் இக்னாட்டிஸ் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பாவம் பண்ணிட்டேன். கியர் பாக்ஸ் போயிடுச்சுன்னு தெரிஞ்சும் சம்பந்திகிட்ட மறைக்கிறேன்."

பாதிரியார் கையிலிருந்த துணி நழுவியது. "யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல சாமி."

"காட்டாத. கல்யாணம் முடியட்டும்."

"மறைக்கிறது பாவம் இல்லையா?"

"பாவம் ஆளுக்கு ஆள் வேறப்பா. எனக்கு இல்லாத கவலையா? ஈஸ்டர் முடிஞ்சதும் மலைமேல இருக்கிற ரெண்டு ஊர் கோயிலையும் பிஷப் என் தலையில கட்டிட்டாரு, அங்க பஸ்ஸும் கிடையாது. நான் யார்கிட்டயாவது சொல்லி அழுதேனா?" என்றவர், வெளியே வந்து துளசிக் கொத்தால் வண்டி மேல் தீர்த்தம் தெளித்தார். "வெள்ளிக்கிழமை நானே உன் பக்கத்துல உக்காந்து வரேன்."

ஸ்ட்ராட்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நல்ல மனுஷனா என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வயலின்காரர்கள் முன்னால் நடந்தார்கள். கட்டிலும் மெத்தையும் பின்னால் ஆடின. மேட்டுத்தெரு உச்சியில் டூகாஸ், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மேடு தொடங்கியதும் ஸ்ட்ராட்டிஸ், கட்டு அவிழ்த்திருந்த லிவரை இரண்டுக்கு இறக்கினார். 'கர்ர்ர்.' கியர் விழவில்லை. வண்டி பின்னால் உருண்டது, பிரேக்கை மிதித்து, கை பிரேக்கையும் இழுத்தார். முதல் கியரும் ஏறவில்லை, இரண்டாவதும் ஏறவில்லை. வயலின் நின்றது. பின்னால் நடந்து வந்த மகள் அழத் தொடங்கினாள்.

"போச்சு சாமி. என் பொண்ணு வாழ்க்கை போச்சு."

பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்து இறங்கிச் சுற்றி வந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்த கொக்கியைத் தேடாமலே பிடித்து, சீட்டை முன்னால் இழுத்தார்.

"தள்ளி உக்காருப்பா. இது ஏறணும்னா கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும். தினம் மத்தியானம் மலை ஏறும்போது நான் அப்படித்தான் ஓட்டறேன்."