அஞ்சு இருபது பஸ்ஸின் ஒரே பயணி

ஆளுயரக் கண்ணாடியின் ஒரு முனையைக் கண்ணாடிக் கடைக்காரரும் மறுமுனையை அவர் மனைவியும் பிடித்துக்கொண்டு, சந்து முனையிலிருந்து நூற்று நாற்பத்தோராவது அடியில் மூச்சு வாங்க நின்றார்கள். கடை வாசலுக்கு இன்னும் அறுபது அடி பாக்கி.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். இது பஸ் பாதைன்னு எழுதியிருக்கு. பஸ்ஸே காணோம். நாம யாருக்கு வழி விட்டுட்டு இப்படி நிக்கிறோம்?"

கேள்வி நியாயமானதுதான். மூன்று மாதத்துக்கு முன்புவரை, காலை ஐந்தரை மணிக்குக் கண்ணாடி வண்டி நேராகக் கடை வாசலில் வந்து நிற்கும். பிறகு ஒருநாள் நகர அலுவலகத்து ஆட்கள் வந்து, வாசலை ஒட்டிய சாலையோரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். பஸ்ஸுக்கு மட்டும், எல்லா நாளும், இருபத்துநாலு மணி நேரமும் என்று பலகை நட்டார்கள். வேறு வண்டி நின்றால் படமெடுத்து அபராதம் போட, கம்பத்தில் ஒரு கேமராவும் ஏறி உட்கார்ந்தது. அன்றிலிருந்து வண்டிக்காரர் சந்து முனையோடு சரி. சுவரோரம் கண்ணாடிகளை இறக்கிச் சாய்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்.

மனைவிக்கோ வலது தோள்பட்டையில் தீராத வலி. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணாடியை வாசலுக்குள் நகர்த்துவது வேறு, இருநூற்றோரு அடி சுமப்பது வேறு. இந்த மாதம் முடியட்டும், அதற்கப்புறம் கண்ணாடியைத் தொடவே மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இருபத்திரண்டு வருஷமாக அவளோடு அடி சேர்த்து நடந்து பழகியவருக்கு வேறு யாரோடும் கால் ஒத்துவராது. ஒருமுறை மச்சானை வைத்துத் தூக்கிப் பார்த்ததில் இரண்டு கண்ணாடியும் மச்சானின் உறவும் போயின. ஆக, அவள் கையை எடுத்தால் கடையை மூட வேண்டியதுதான்.

கடைக்காரர் அன்றைக்கே மனு எழுதினார். பாதை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பகலில் பஸ்கள் வரிசை கட்டுகின்றன, அது வேறு கதை. காலை ஏழு மணி வரைக்கும் மற்ற வண்டிகள் நின்று சாமான் இறக்கிக்கொள்ள விடுங்கள், அதற்குமுன் வருவது அஞ்சு இருபது பஸ் ஒன்றுதான், அதிலும் ஒரு ஈ காக்கா ஏறுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விசாரித்துவிட்டு மாதக் கடைசியில் முடிவு சொல்வதாகப் பதில் வந்தது.

"ஈ காக்கா ஏறுறதில்லைன்னு எழுதினீங்களே, பார்த்தீங்களா?" என்று மனைவி சாவகாசமாகக் கேட்டாள்.

பார்க்கவில்லை. இரண்டு தடவை அளக்காமல் ஒரு கண்ணாடியில்கூடக் கத்தி வைக்காதவர் அவர். அப்படிப்பட்டவர் அளக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் நாற்காலி போட்டு, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். பஸ் வந்தது. ஆள் காத்திருப்பதைப் பார்த்த டிரைவர், பாவம், நிறுத்திக் கதவைத் திறந்தார். இவர் இல்லை இல்லை என்று கையாட்டினார். அதற்கடுத்த நாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் டிரைவர் முறைத்துவிட்டே போனார்.

சரி, நாம் உட்கார்ந்தால்தானே வம்பு என்று கடைக்குள் ஒளிந்துகொண்டு, பஸ் வருவது தெரிகிற மாதிரி ஒரு ஆளுயரக் கண்ணாடியை வாசலில் சாய்த்து வைத்தார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் தனக்கு எதிரே தன் பாதையிலேயே இன்னொரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வருவதைக் கண்ட டிரைவர், பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். இறங்கி வந்தவர் கண்ணாடியில் தன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

"எத்தனை பேர் ஏறுறாங்கன்னு தெரியணும், அவ்வளவுதானே? ஏறி உக்காந்து எண்ணுங்க சார். என்னைக் கொல்லாதீங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து கடைக்காரர் பஸ்ஸில் ஏறினார். கடைசி நிறுத்தம்வரை போய், எதிர்ச்சாரியில் வரும் ஆறு பத்து பஸ்ஸில் திரும்புவார். அதற்குள் கண்ணாடி வண்டி வந்து போயிருக்கும். சந்து முனையில் கண்ணாடிகளுக்குக் காவலாக மனைவி தனியே நின்றிருப்பாள். இவரைக் கண்டதும் குனிந்து தன் முனையைப் பிடித்துக்கொள்வாள்.

முதல் இரண்டு நாள் நோட்டில் பூஜ்யம் விழுந்தது. கடைக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் ஏறினால், கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. இவர் ஏறியதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

கடைக்காரர் மனசில்லாமல் 'பயணி ஒருவர்' என்று எழுதினார்.

ஒருநாள் தற்செயலாக வந்திருப்பாள் என்று நினைத்தால், அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒரு வாரத்தோடு எண்ணிக்கையை முடித்திருக்க வேண்டியவர், நாளைக்காவது வராமல் இருக்கமாட்டாளா என்று இரண்டு வாரம், மூன்று வாரம் என்று இழுத்தார். அவளோ ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்குமோ, நோயாளிகள் கணக்கைத்தான் எழுதுகிறாளோ, சாமான் வண்டிகள் மறித்து பஸ் தாமதமானால் எப்படி நேரத்துக்கு வேலைக்குப் போவாள் என்றெல்லாம் நினைத்தபோது அவருக்கே இரக்கமாக இருந்தது. ஆனால் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு தூங்கும் மனைவியை நினைத்தால் அதைவிட இரக்கமாக இருந்தது.

கடைசியில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆக, மூணு வாரமா என்னைச் சந்து முனையில நிக்க வெச்சுட்டு, நீங்க ஒரு பொம்பளையோட பஸ்ல போய்ட்டு வர்றீங்க."

இவர் என்ன விளக்கம் சொல்லியும் எடுபடவில்லை. மறுநாள் காலை அஞ்சு இருபதுக்கு மனைவியும் கூட ஏறினாள். கண்ணாடிகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கடைசி வரிசையில் அந்தப் பெண் வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். மனைவி நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தது போலிருக்கிறது, குரல் தணிந்தது.

"ஏம்மா, தினமும் இந்நேரத்துக்கு எங்க போறே? ஏழு மணிக்கு மேல வர்ற பஸ்ல போனா ஆகாதா?"

"நான் எங்கயும் போகலக்கா," என்று அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "யாரோ ஒரு கண்ணாடிக் கடைக்காரர், இந்த பஸ்ல யாருமே ஏறுறதில்லைன்னு மனு போட்டிருக்காராம். மூணு வாரம் கூடவே போய் எண்ணிட்டு வான்னு ஆபீஸ்ல அனுப்பினாங்க. இன்னையோட முடியுது. பாதை அப்படியே இருக்கட்டும்னு எழுதிட்டேன். நல்லவேளை, சார் ஒருத்தராவது நாள் தவறாம ஏறினாரு."