டியூப்பின் வழுக்கை

எண்பதுகளில் விழுப்புரத்திலேயே அதிகம் தொடப்பட்ட தலை டியூப்புடையதுதான். பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையாருக்குக்கூட அடுத்த இடம்தான்.

நானும் அவனும் எக்ஸ்ரே மேல்படிப்பிலிருந்து இங்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட பயிற்சி டாக்டர்கள். எனக்குத் திரையில் தெரிவதெல்லாம் மேகமூட்டம். அவன் திண்டிவனத்துக்காரன், முப்பதுக்குள் முழு வழுக்கை. குழந்தையைத் தொடப்போகிற எவரும் முதலில் அந்த வழுக்கையில் உள்ளங்கையை வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவன் சட்டம். எங்கள் சீஃப்பே வைத்திருக்கிறார்.

"ஐஸுடா மச்சான்! இந்தக் கைய வயித்துல வெச்சா கொழந்தை அலறாம இன்னா பண்ணும்? டீ கிளாஸைப் புடிச்சிக்கினு நில்லு, போ."

பெயர்க்காரணம் வேறு. சட்டைக் கையை உள்ளே தள்ளினாற்போல, கைக்குழந்தைகளுக்குச் சில சமயம் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். ஆசனவாய் வழியே, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் கரைசலை ஏற்றி, திரையில் பார்த்தபடி, அந்த அழுத்தத்தாலேயே பிரித்துவிடலாம். அழுத்தம் மிஞ்சினால் குடல் கிழியும். கை பழக, விடுதிக் குளியலறையில் சைக்கிள் டியூபை அதற்குள்ளேயே செருகித் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பான். டியூப் பிரியும், வராந்தா மிதக்கும்.

"யோவ் டாக்டரு, இது ஆஸ்டலா, பஞ்சர் கடையா?" என்பார் வார்டன்.

"கொடல் கடைங்க சார்!"

ஒருநாள் மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய மண் கையில் காயவில்லை.

"நேத்துலேர்ந்து வாந்திங்க. பால் குடிப்பானாங்க?"

சீஃப் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முயலலாம் என்றார். என் முறை. கையைத் தேய்த்துத் தேய்த்து வழுக்கையில் வைத்தேன். "கை பாஸுடா," என்றான் டியூப்பு. குழந்தையின் கால்களை அவன்தான் பிடித்துக்கொண்டான்.

திரையில் வெள்ளை ஏறியது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி ஏற்றினோம், அங்கேயே நின்றது.

"போதும், ஆபரேஷன்," என்றார் சீஃப்.

வயிற்றைத் திறந்தபோது குடல் கறுத்திருந்தது. சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

"வரும்போதே அழுகிப்போச்சுப்பா. நீ தப்பா ஒண்ணும் பண்ணல," என்றார் சீஃப். காதில் ஏறவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டியூப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"சூடாத்தான்டா கீது, மச்சான்."

அவன் தலை என் உள்ளங்கையில் அடுப்பாய்ச் சுட்டது. அப்படியானால் என் கை எவ்வளவு ஐஸாக இருந்திருக்கும்?

கை விஷயத்தில் டியூப்பு சொன்ன ஒரே பொய் அதுதான்.