அன்று நான் உட்காராத காரணம்

காட்டூர், திருச்சி
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஜீயபுரம் பிச்சை அவர்களுக்கு, தங்கையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஞாயிறு தங்கள் மகனுக்காக எங்கள் மகள் தேவதர்ஷினியைப் பெண் பார்க்க வந்தீர்கள். நான் கடைசிவரை உட்காரவே இல்லை. தாங்களும் சோபா நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்து, காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டீர்கள். அப்புறம் தகவலே இல்லை. நான் நின்றதைப் பார்த்து, சீக்கிரம் கிளம்பச் சொல்வதாகத் தாங்கள் நினைத்துக்கொண்டீர்கள் என்று சொல்லிவிட்டு, என் மனைவி வள்ளிக்கண்ணு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பெண்ணுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்தச் சம்பந்தம் என்னால் தட்டிப்போகக் கூடாது. அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உட்காரும் இடத்தில் எனக்கு ஒரு கட்டி. முதலில் சின்னதாக இருந்தது, வள்ளிக்கண்ணு கொசுக்கடி என்றாள், பக்கத்து வீட்டு லூர்து சார் வேனல் கட்டி, நுங்கு சாப்பிட்டால் அடங்கிடும் என்றார், சாப்பிட்டேன், கட்டியும் சேர்ந்து சாப்பிட்ட மாதிரி பெருத்துப்போச்சு, அப்புறம் ஸ்ரீரங்கத்திலிருந்து என் மச்சான் பாலு வந்து, பார்க்காமலேயே இது அக்கிதான்னு அடிச்சுச் சொல்லி, அக்கி எழுதுற ஒருத்தர்கிட்ட டவுன் பஸ்ல நிக்க வச்சே கூட்டிட்டுப் போனார், அவரு காவியைக் குழைச்சு அந்த இடத்துல ஒரு சிங்கம் வரைஞ்சு, மூணு நாள் குளிக்கக் கூடாதுன்னுட்டார். நீங்க வந்தது மூணாம் நாள். அன்னிக்கு வீட்ல அவ்வளவு ஊதுபத்தி எரிஞ்சதும் அதனாலதான்.

திங்கக்கிழமை காய்ச்சல் வந்து, டாக்டரம்மா மஜீதாகிட்ட போனேன். கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டு, குனிஞ்சு இன்னொரு தடவை பார்த்தாங்க.

"சிங்கம் நல்லா இருக்கு சார். ஆனா இது அக்கி இல்லைங்க."

அக்கின்னா உடம்புல ஒரு பக்கமா, சின்னச் சின்னக் கொப்புளமாக் கூட்டமா வந்து எரியுமாம். அதுக்கும் காவி மருந்து இல்லையாம். கொசுக்கடி அரிக்குமே தவிர இப்படி வலிக்காது. என்னுது முடி வேர்ல ஒத்தையாக் கிளம்பி, சிவந்து சூடாகி, உள்ளே ஆழமாச் சீழ் கோத்த கட்டி. பிதுக்கியிருந்தா இன்னும் பரவியிருக்குமாம். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்துட்டாங்க. சிங்கத்துக்குத் தலை போச்சு, எனக்கு உசிரு வந்துச்சு.

ஆகவே, தங்களை அவமதிக்க நான் நிற்கவில்லை. வரும் ஞாயிறு மறுபடி வாருங்கள். எதிரே உட்கார்ந்தே பேசுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தலையணை மேல் அமர்ந்திருக்கும்
தங்கையன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், தேவதர்ஷினி வந்து சிரிக்கிறா. உங்க பையன் நாலு நாளா அவகிட்ட போன்ல பேசிட்டுத்தான் இருக்காராம். நீங்க கோபத்துல எழுந்து போகலையாம். உங்களுக்கும் அதே இடத்துலயாம், இன்னும் யாருகிட்டயும் காட்டலையாம். சம்பந்தி, பிதுக்காதீங்க. சனிக்கிழமை டாக்டரம்மாகிட்ட ரெண்டு டோக்கன் போட்டிருக்கேன். விஷயம் தெரிஞ்சு பாலு காவியோட ஜீயபுரம் பஸ் ஏறிட்டார். அதனாலதான் இதைத் தபால்ல போடாம, படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பத் தேவதர்ஷினிகிட்ட சொல்றேன். கதவைத் திறக்காதீங்க.