கடல் சத்தம் கேட்டால் வீணை கிடையாது

செங்கல்பட்டில் பெண் கேட்டுப் போய், நிச்சயம் செய்து, கல்யாணத்தையே முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் சம்பந்தி கடையில் ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு திரும்ப முடியாது. பெண்ணைப் பெற்றவர்கள்கூடச் சம்பளம் என்ன, சொந்த வீடா என்ற இரண்டு கேள்வியோடு இறங்கி வந்துவிடுவார்கள். சம்பந்தி இறங்க மாட்டார்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். கடைப் பலகையில் எழுதியிருந்தது வெயிலில் அழிந்துவிட்டது. வாத்தியம் வாங்கினவர்களை எல்லாம் அவர் 'சம்பந்தி' என்று கூப்பிடுவார். அவர்களும் பதிலுக்கு அப்படியே கூப்பிட, ஊருக்கே சம்பந்தியாகிவிட்டார். மாடியில் குடியிருக்கும் அவர் மனைவி சம்பந்தியம்மா. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கொளவாய் ஏரிக் காற்று படுகிற மாதிரி கடை. உள்ளே வீணை, மிருதங்கம், வயலின், கீபோர்டு எல்லாம் வரிசையாக நிற்கும். அவை விற்பனைக்கு என்று நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"யாருக்கு?" என்பார் முதலில்.

"பையனுக்கு, கீபோர்டு."

"பையனக் கூட்டினு வந்துகீறீங்களா?"

"ஸ்கூல் போயிருக்கான்."

"அப்ப நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க? மாப்ள இல்லாம பொண்ணு பாக்க வர்றதா?"

மறுநாள் பையனோடு போனால் விசாரணை தொடங்கும். வீட்டில் எலி உண்டா? பிஸ்கட் தின்ற கையோடு ஓடுகிற குழந்தை உண்டா? ராத்திரி எந்த அறையில் வைப்பீர்கள், அந்த அறையில் யார் குறட்டை விடுவார்கள்? குறட்டைக்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஒருவருக்கு அடுத்த வாரம் வரச் சொல்லி உத்தரவாயிற்று.

முட்டுக்காட்டில் விடுதி நடத்துகிற ஒருவர் பெரிய காரில் வந்து இறங்கி, வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒரு கிட்டார் வேண்டும் என்றார்.

"வாசிக்கிறது யாரு?"

"யாரும் வாசிக்க மாட்டாங்க. சும்மா அழகுக்கு."

சம்பந்தி எழுந்து ஃபேனை நிறுத்தினார், விளக்கை அணைத்தார். "கட மூடியாச்சு" என்றார். அப்போது காலை பதினொரு மணி. விடுதிக்காரர் வெளியே போய்க் காரில் ஏறியதும் விளக்கு எரிந்தது.

பெண்ணைக் கொடுத்தபின் விட்டுவிடுகிற ஆளும் இல்லை. முதல் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு போய்த் தன் வாத்தியத்தைப் பார்த்துவிட்டு வருவார். அணுபுரத்தில் ஓர் இன்ஜினீயர் வீட்டுக்கு அப்படிப் போனபோது, கீபோர்டு பீரோ மேலே கிடந்தது. அதன் மேலே பிள்ளைகளின் புத்தகப் பை. சம்பந்தி இனிப்பை மேசையில் வைத்தார், கீபோர்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், பஸ் ஏறிவிட்டார்.

இன்ஜினீயர் போலீசுக்குப் போவதாகக் குதித்தார். போனார். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர், மகனுக்கு மிருதங்கம் வாங்கின வகையில் ஏற்கெனவே சம்பந்தி. "சார், பழம் வெத்தலபாக்கு வாங்கிக்கிட்டு நேர்ல போயிடுங்க. அவர் பேசினா நல்லாத்தான் பேசுவாரு" என்று தழைந்த குரலில் புத்தி சொன்னார். இன்ஜினீயரும் குடும்பத்தோடு பழத்தட்டு ஏந்திப் போய்த்தான் சொந்தக் கீபோர்டை மீட்டுவந்தார்.

ஆடி மாதம்தான் உச்சம். கல்யாணமான பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கமில்லையா, சம்பந்தியும் அழைப்பார். ஊரில் புதுப்பெண்ணுக்கு ஒரே ஆடி. அவர் கணக்கில் எந்த வாத்தியமும் பழசாகிறதில்லை, எல்லா ஆடிக்கும் உண்டு. ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, மெத்தை தலையணை விரித்து, வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் கடைக்கு ஏற்றி வருவார். துடைத்து, கம்பி மாற்றி, மாதம் முடிந்ததும் திருப்பி அனுப்புவார்.

இவர் ஏன் இப்படி என்று சம்பந்தியம்மாவிடமே ஒருநாள் கேட்டேன். "எங்க கல்யாணத்துல அவர யாரும் ஒரு வார்த்த கேக்கல. அப்ப வாயத் தொறக்காத மனுசன், இப்ப ஊரையே கேள்வி கேட்டுகினு கீறாரு" என்று காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

இப்படிப்பட்டவரின் காதில் 'ஆன்லைன்' என்ற சொல் விழலாமா? "அது வாங்குறதா? ஓடிப்போறது" என்பார். "போட்டோவப் பாத்து மயங்கி, அப்பன் ஆத்தா யாருன்னு தெரியாம, பொட்டில போட்டு வரவெக்கிறானுங்க. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா?"

நானும் வசந்தாவும் அவர் கடைக்குப் போனது ஒரு சித்திரை மாதத்தில். வசந்தா என் மனைவி. மதுராந்தகத்துப் பெண், பள்ளிக்கூட நாட்களில் நன்றாக வீணை வாசித்தவள். கல்யாணமாகி என்னோடு வந்தபோது வீணை அப்பா வீட்டில் தங்கிவிட்டது. பெற்றவர்கள் போனபின் அவள் அண்ணன் அந்த வீட்டை விற்றார். சாமான்களோடு வீணையும் யார் வீட்டுக்கோ போயிற்று. பிறகு அவளை ஆடிக்கு அழைக்கவும் ஆளில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் புதுப்பட்டினத்தில் எங்கள் எதிர்வீட்டில் இந்த வருடம் கொலுவுக்கு வாசிக்கிறாயா என்று கேட்டதும், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சமையல் மேடையில் அவள் விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

கடையில் ஓரமாக இருந்த ஒரு வீணையை அவள் மீட்டிப் பார்த்தாள். சம்பந்தி கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது. காபி வந்தது. எல்லாம் கூடிவருகிற நேரத்தில் அந்தக் கேள்வி வந்தது.

"வூடு எங்க?"

"புதுப்பட்டினம்."

"கடல் சத்தம் கேக்குமா?"

"கேக்காது" என்றேன் நான், முந்திக்கொண்டு.

சம்பந்தி வசந்தாவைப் பார்த்தார். "உக்காந்தா கேக்குமா, படுத்தா கேக்குமா?"

நான் அவள் காலை மிதித்தேன். ஆனால் வசந்தாவுக்குப் பொய் வராது. எங்கள் குடும்பத்தின் பல சிக்கல்களுக்கு அதுதான் காரணம்.

"படுத்தா கேக்கும்" என்றாள்.

சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "உப்புக் காத்து. கம்பி கறுத்துப் பூடும், ஆணி துருப் புடிக்கும். பெத்த மனசு ஒத்துக்கல சம்பந்தி. ஜாதகம் பொருந்தலன்னு வெச்சிக்கோங்க."

"உங்க கடை வாசல்லயே ஏரி இருக்குதே" என்றேன் கோபமாக.

"ஏரி நம்ம ஊரு ஆளு. அது ஒண்ணும் பண்ணாது."

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். வசந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்தேன். என்ன மரியாதை தெரியுமா ஆன்லைனில்? எலி, குறட்டை, கடல் எதைப் பற்றியும் கேள்வி இல்லை. பின்கோடு மட்டும் கேட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் வீணை எங்களுடையது.

அது கத்திரி வெயிலில் வேனுக்குள் ஊர் ஊராகச் சுற்றி, ஆள் உயரப் பெட்டியில் வந்து சேர்ந்தது. வீணையில் விரல் வைத்து அழுத்துகிற பித்தளை மெட்டுகளை மெழுகு வைத்துத்தான் பதித்திருப்பார்கள். வேன் சூட்டில் மெழுகு இளகி, மெட்டுகள் நெரிசல் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. வசந்தா ஒரு கம்பியை மீட்டினாள். எங்கேயோ தகரம் விழுந்த மாதிரி இருந்தது.

கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: 'தங்கள் சாதனத்தை ஒருமுறை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பார்த்தீர்களா?' இது வீணை, சுவிட்ச் கிடையாது என்று எழுதினேன். 'தங்கள் பொறுமைக்கு நன்றி, சார்ஜர் பொருத்தப்பட்டுள்ளதா?' என்று வந்தது. கடைசியில் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்து ஒரு தம்பியை அனுப்பினார்கள். அவன் பைக்கில் வந்தான். பெட்டியைப் பார்த்தான், பைக்கைப் பார்த்தான்.

"அண்ணாத்த, இத்த நான் ஏத்தினா நான் எங்க ஏறுறது?" என்று நியாயமாகக் கேட்டுவிட்டுப் போனான். அன்று மாலை ஃபோனில் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று செய்தி வந்தது.

"போதுங்க. எனக்கு இனிமே இதெல்லாம் வேணாம். எதிர்வீட்ல வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள் வசந்தா. சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அப்படித் துணி மடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாலு நாள் கழித்து, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். "சம்பந்திக்கு ஃபோன் பண்ணினேன்."

"எதுக்கு?"

"வீணை வாங்கிட்டோம்னேன். எங்கன்னாரு. ஃபோன்லன்னேன். வெச்சிட்டாரு."

ஆடி பிறந்த வாரம், காலையில் வாசலில் ஹாரன் சத்தம். நான் லுங்கியோடு எட்டிப் பார்த்தேன். குட்டியானையில் மெத்தை மேல் இரண்டு மிருதங்கமும் ஒரு வயலினும் அணுபுரத்துக் கீபோர்டும் படுத்திருந்தன. சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொண்ணு எங்க?"

வசந்தா காட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த மெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா கோலத்துல கீது பாருங்க. இது யாரு வூட்டுப் பொண்ணு?"

நான் ஃபோனை எடுத்து ஆர்டர் பண்ணின பக்கத்தைக் காட்டினேன்.

"ஆடி மாசம் சம்பந்தி. இதுக்குப் பொறந்த வூடு எதுன்னு கேட்டா இந்த ஃபோனத்தான் காட்டுவீங்களா?" கம்பி மேல் படிந்த தூசியை ஊதினார். "ஓடி வந்த பொண்ணுன்னா தெருவுல வுட்டுடுறதா? நம்ம வூட்டுக்குக் கூட்டினு போறேன்."

போர்வையில் சுற்றி அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார். வசந்தா வண்டி திரும்புகிறவரை வாசலில் நின்றாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் வீடு திரும்பின, எங்களுடையது வரவில்லை. ஃபோன் செய்தால், "இன்னா அவசரம்? இப்பதான் ரெண்டு வாய் துன்ன ஆரம்பிச்சிகீது" என்பார். புரட்டாசி பிறந்து, கொலுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்ற நிலையில், கோபத்தோடு நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவரே வந்து நின்றார், வெறும் கையோடு.

"வூட்டப் பாக்கணும்" என்றார்.

கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தார். கண்ணை மூடினார். "கேக்குது." படுக்கையறையில் படுத்தார். "இங்கியும் கேக்குது." சமையலறையில் அம்மிக்குப் பக்கத்தில் படுத்தார். வசந்தா ரசத்தை இறக்கி வைத்துவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். கடைசியாக அரிசி டிரம் வைத்திருக்கும் சின்ன உள்ளறையில் கால் நீட்ட இடமில்லாமல் ஒருக்களித்துப் படுத்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கதவோரம் நின்ற வசந்தாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுந்து வந்து சொன்னார்: "இங்க கேக்கல."

அரிசி டிரம் கூடத்துக்கு வந்தது. கொலுவின் முதல் நாள், குட்டியானையில் வீணை வந்தது. மெட்டு பதிக்கிறவரை வரவழைத்து, புது மெழுகில் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்திருந்தார். கூடவே சம்பந்தியம்மா சீர்த்தட்டோடு இறங்கினார். தட்டில் பழம், ஒரு செட் கம்பி, வீணைக்கு வெல்வெட் உறை, வசந்தாவுக்கு ஒரு புடவை. புடவையை ஏன் என்று வசந்தா கேட்டாள். "ரெண்டு பேரும்தான வாசிக்கப் போறீங்க" என்றார் சம்பந்தியம்மா.

அன்று மாலை எதிர்வீட்டில் வசந்தா அந்தப் புடவையோடு உட்கார்ந்து வாசித்தாள். இரண்டு இடத்தில் விரல் தடுக்கியது. மூன்றாவது பாட்டில் அவளுக்கே மறந்துபோயிருந்த ஒரு சிரிப்பு முகத்தில் வந்தது. சம்பந்தி சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆடிக்கு வாசலில் அதே ஹாரன். நான் வீணையைத் தூக்கிக்கொண்டு வந்தால், சம்பந்தி முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். "பொண்ண மட்டும் ஏத்தினா எப்படி? நீயும் ஏறும்மா. வூட்ல அவ சமைச்சி வெச்சிகீறா. ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்."

வசந்தா என்னைப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கேம்மா கிளம்பிட்டே என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதற்கு, "அம்மா வீட்டுக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

வருடா வருடம் இது நடக்கிறது. அவர் இன்னும் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறார். நான் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.