அப்பாவின் போனை அழித்த காலை

என் தங்கையின் நிச்சயதார்த்தத்தை நான் ஏறக்குறைய நிறுத்தியே இருப்பேன். அதுவும் ஒரே ஒரு பொத்தானை அழுத்தி.

அப்போது திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்குப் புது வேலை. ஊழியர்கள் சொந்த போனிலேயே ஆபீஸ் மெயில் பார்ப்பார்கள். போன் தொலைந்தால் ஆபீஸ் ரகசியமும் போய்விடுமே என்று எல்லாருடைய போனையும் ஒரு மென்பொருளில் சேர்த்து மேய்ப்பது என் பொறுப்பு. இருந்த இடத்திலிருந்தே யார் போனையும் துடைத்து அழிக்கலாம். (இந்த அதிகாரத்தை இருபத்தைந்து வயதுக்காரனிடம் கொடுத்தது யார் தப்பு?)

"பழைய போனை வீட்டில் யாருக்காவது கொடுக்கும் முன் என்னிடம் சொல்லிப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்று மாதம் தவறாமல் வகுப்பெடுப்பேன். எங்கள் வீட்டிலும் நான் புது போன் வாங்கினால் பழையது அப்பாவுக்குப் போகும். அதை என்னிடம் சொல்ல வேண்டியவன் நானேதான் என்பதால் யாரும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காலை கிழக்கேகோட்டை வீட்டில் ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் லீவிலும் லேப்டாப்பைத் திறந்தேன். (கடமை உணர்ச்சி! அப்பளம் பொரிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும்தான்.) பட்டியலில் பழைய போன்கள் நாலைந்து இருந்தன. ஒன்றில் என் பெயர். என் போன்தான் கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் சேர்த்து அழித்தேன்.

கால் மணி நேரத்தில் நிச்சயதார்த்தத்துக்குப் பிடித்திருந்த மண்டபத்து ஆள் ஓடிவந்தார். "சாமி, பைப்பு பொட்டிப்போயி. அகத்து முழுவன் வெள்ளம்!" குழாய் வெடித்து மண்டபம் முழுக்கத் தண்ணீர் என்று அர்த்தம். அடுத்த தெருவில் வேறு மண்டபம் கிடைத்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வேனில் பழைய மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நம்பர் அப்பா போனில் மட்டும்தான் இருந்தது. அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"டேய் ரமணி, இதென்னடா, வெல்கம்ங்கறது! எந்த பாஷை வேணும்னு கேக்கறது! சம்பந்தி நம்பர் எங்கேடா?"

"நான்தாம்ப்பா அழிச்சுட்டேன்."

"எதுக்குடா?"

"பாதுகாப்புக்கு."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெள்ளம் நிக்கற மண்டபத்து வாசல்ல வந்து எறங்கினா, வந்த வழியே வேனைத் திருப்பிடுவா, கேட்டோ."

உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்த தங்கை மீனா பத்து இலக்கத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "அவரோட நம்பர். அவரும் வேன்லதான் இருக்கார்."

நிச்சயம் முடிகிறவரை மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அப்பா போட்டிருந்த சட்டம்.

"நோக்கு எப்படிடி தெரியும்?"

"யாரும் பாத்துடக்கூடாதேன்னு போன்ல சேவ் பண்ணலை. மனப்பாடம் பண்ணிண்டேன்."

அப்பா அவள் போனையே வாங்கி அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்த மாப்பிள்ளை, அறை முழுக்கக் கேட்கும்படி, "சொல்லு மீனு!" என்றார்.

"மீனு இல்லே மாப்பிளே. மீனுவோட அப்பா."

வேன் சரியான மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது. இன்றும் யார் நம்பராவது வேண்டுமென்றால் அப்பா தன் போனில் தேடுவதில்லை. "சொல்லு மீனு!" என்று மாப்பிள்ளை குரலிலேயே கூப்பிடுகிறார். வீட்டு விசேஷங்களில் நான் லேப்டாப்பைத் தொட அனுமதியில்லை. அப்பளம் பொரிப்பது என் நிரந்தர வேலையாகிவிட்டது.