பாய் கொடுத்த எலிப்பொறி

நாற்று வளர்க்கும் குழித்தட்டில் சங்கரலிங்கம் ஊன்றிய வெள்ளரி விதைகளை இரண்டாவது தடவையாக எலி தோண்டித் தின்றிருந்தது. தின்றதோடு நிற்காமல், விதைத் தோலை மட்டும் அழகாகக் குழிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஓடைப்பட்டியில் திராட்சையை விட்டுவிட்டுப் பசுமைக்குடில் போட்ட முதல் ஆள் அவர்தான். அடுத்த விதைப்பும் தேறாவிட்டால் குடிலைப் பிரித்துவிட வேண்டியதுதான் என்று மனைவி கிருபாவதி சொல்லிவிட்டாள்.

"ஒரு பூனைய விட்டுப் பாருங்க மாப்ளே" என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஷேக் மைதீன்.

மைதீன் பாயைப் போலப் பக்கத்துத் தோட்டக்காரர் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சங்கரலிங்கத்தின் கிணறு வற்றியபோது, கேட்காமலே குழாய் போட்டுத் தன் போர் தண்ணீரைக் கொடுத்தவர். ஒரு மிஸ்டு கால் போதும், மோட்டார் ஓடும். இப்போது தன் வீட்டுப் பூனையையும் தூக்கிவந்து கொடுத்தார்.

பூனைக்குக் குடிலின் கதகதப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எலி மிச்சம் வைத்த முளைகளின் மேல் நாள் முழுக்கப் படுத்துத் தூங்கியது.

அடுத்து பாய் எலிப்பொறியோடு வந்தார். "வடைய வைங்க மாப்ளே. எண்ணெ வடியணும், அப்பத்தேன் வரும்."

மறுநாளே எலி விழுந்தது. வாளித் தண்ணீரோடு வந்த சங்கரலிங்கத்தைக் கிருபாவதி மறித்தாள்.

"பிள்ளையார் சதுர்த்தி வருது. அவரு வாகனத்த என் கண்ணு முன்னாடி கொல்லுவீகளோ?"

"பெறகு என்ன செய்ய? கொழுக்கட்ட அவிச்சுக் குடுப்பமா?"

"எங்கிட்டாவது உசுரோட விட்டுட்டு வாங்க."

தூரமாகப் போகலாம்தான். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. வேலியோ பக்கத்தில் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாயின் திராட்சைப் பந்தலுக்குள் பொறியைத் திறந்துவிட்டார். தினமும் ஒன்று விழுந்தது. தினமும் ஒன்று வேலி தாண்டியது.

மூன்றாவது விதைப்பு தலைகாட்டிய நேரத்தில் குடிலுக்குத் தண்ணீர் நின்றுபோனது. பந்தலுக்கடியில் வந்த குழாயை எலி கடித்துக் குதறியிருந்தது. முளைகள் வாடத் தொடங்கின.

பாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் கொடிகளைக் காயப்போட்டுவிட்டு, புதுக் குழாய் வாங்கிவந்து, முதலில் சங்கரலிங்கத்தின் குடிலுக்குத்தான் மாட்டினார். போதாததற்கு ஒரு கூடை திராட்சையும் கொடுத்தனுப்பினார்.

முளைகள் நிமிர்ந்துவிட்டன. சங்கரலிங்கத்துக்குத்தான் திராட்சை தொண்டையில் இறங்கவில்லை.

"சாமி மாதிரி மனுசன். அவரு தோட்டத்துல போயி எலிய விட்டுட்டேனே" என்று புலம்பினார்.

"போயி உள்ளதச் சொல்லுங்க. மனசாவது லேசாகும்" என்றாள் கிருபாவதி.

முதல் காய் பறித்த அன்று, நல்ல வெள்ளரியாகப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனார்.

"பாய், இந்தக் காயி நீங்க போட்ட பிச்சை. ஆனா ஒங்க பந்தலுக்குள்ள எலிய விட்டது நாந்தேன். கொழாயக் கடிச்சதும் அதுகதேன். இம்புட்டும் செஞ்ச ஒங்களுக்கு நான் போயி..." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பாயின் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. தரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாப்ளே? டீ குடிங்க" என்றார் அவசரமாக.

டீ கொண்டுவந்த அவர் மனைவி சல்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அழுகாதீகண்ணே. பூனை, பொறி, புதுக் கொழாயின்னு இவுக ஓடி ஓடிச் செஞ்சது எதுக்குன்னு நெனச்சீக? எங்க கொட்டகையில புடிச்ச எலியெல்லாம், 'அவுக சாமி வாகனம், நாம கொல்லப்படாது, அவுககிட்டயே சேத்துருவோம்'னு ஒங்க குடிலுக்குள்ளதானண்ணே கொண்டாந்து விட்டாக."